பால்கனிக் கம்பி

தங்கை வீட்டு சோபாவில் கட்டட இன்ஸ்பெக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன வாரம் அவரே பார்த்து அனுமதி கொடுத்தபோது, மாடி பால்கனியில் கம்பிகள் நெட்டுக்குத்தாக, நெருக்கமாக நின்றன. இன்று வாசலில் நுழையும்போதே பார்த்தார், அத்தனையும் படுக்கைவாட்டில், ஏணி மாதிரி.

"கம்பிய எதுக்கு மாப்ள மாத்துனீங்க?"

"அது உங்க ஆபீசுக்கு வெச்சது மச்சான். இது நம்ம வீட்டுக்கு. அழகா இல்ல?"

"அப்ப அன்னிக்கு எனக்குக் காட்டுனது கண்துடைப்பா? பிள்ள கால் வெச்சு ஏறிடும்."

"விருந்துக்கு வந்த இடத்துலயும் இன்ஸ்பெக்டர் வேலையா? காப்பியக் குடிங்க."

காப்பியை அப்படியே கீழே வைத்தார். எழுந்து வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"மாமா, இங்க பாருங்க," என்றாள் தங்கையின் ஐந்து வயது மகள். பால்கனியின் உச்சிக் கம்பி அவள் இடுப்புக்குக் கீழே இருந்தது.