மஹியங்கனை தாண்டிட்டன்

முதலாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் லிப்ட் நின்று ஐந்து நிமிடம் ஆகவில்லை, மிஹ்லாரின் போன் அடித்தது.

"மகன், வாப்பா மௌத்தாகிட்டாருடா," என்றார் வாப்பாவின் தம்பி, சாச்சா காலிதீன். "இப்பதான். எங்க நிக்கிறாய்?"

மரணச் செய்திக்குச் சொல்லும் இன்னாலில்லாஹியை மிஹ்லார் சொன்னான். அதே மூச்சில், "வந்துட்டு இரிக்கன் சாச்சா, மஹியங்கனை தாண்டிட்டன்," என்றான்.

யோசித்துச் சொன்னதல்ல. சாய்ந்தமருதில் பதினெட்டு வருடம் புடைவைக் கடை நடத்துகிறவனிடம் 'எங்கே' என்று யார் கேட்டாலும் வாய் அதைத்தான் சொல்லும். எந்தச் சரக்கும் கண்டி வீதியில் மஹியங்கனை தாண்டித்தான் வந்துகொண்டிருக்கும்.

"அப்ப மூணு மணித்தியாலம். பின்னேரம் அஸருக்கு அடக்குவம். பள்ளியில அறிவிக்கச் செல்றன்."

போன் வைக்கப்பட்டது. மணி பன்னிரண்டு பத்து. மிஹ்லார் நின்றது கொழும்புக் கோட்டையில், நூறு வருடப் பழைய வங்கிக் கட்டடத்தின் பித்தளைக் கூண்டுக்குள். ஊருக்கு எட்டு மணித்தியால ஓட்டம்.

கலியாண மண்டபம் ஒன்று கட்ட நினைத்திருந்தான். அதற்குத் தூண் பார்க்க வந்திருந்தான். "தூணா உன்ட மகளுக்கு மாப்பிள தேடிக் குடுக்கும்?" என்று வாப்பா ஒரே பேச்சில் மறுத்துவிட்டதால், கண்டிக்குத் துணி எடுக்கப் போவதாக வீட்டில் சொன்னான். இரண்டு மாதமாகப் படுக்கையில் கிடந்த வாப்பாவும் கடைக்காரர்தான். "கண்டிக்கா?" என்று ஒரு தரம் கேட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

கட்டடம் குறை சொல்ல இடம் தரவில்லை. கூரையின் வண்ணக் கண்ணாடி வழியே இறங்கிய வெயில் பளிங்குத் தரையில் விரித்த பட்டுப்போலக் கிடந்தது. தூண்களை நாலு பேர் கைகோர்த்துத்தான் கட்டிப்பிடிக்கலாம். மிஹ்லார் ஒன்றைத் தட்டி, "உள்ளுக்கு கம்பியா, முழுக்கல்லா?" என்று கேட்டான். விலை கேட்காததுதான் மிச்சம். அந்தப் பேச்சைக் கேட்டதும் சுற்றிக்காட்டும் உத்தியோகத்தன் நிதர்சனுக்கு முகம் மலர்ந்தது. அவனும் கிழக்குக்கரையில் திருக்கோவில் ஊர்க்காரன். "நம்மட பக்கமா நானா? அப்ப இந்த லிப்டில ஏறாமப் போகக் கூடாது," என்று பூட்டியிருந்ததைத் திறந்து, தானும் கூட ஏறினான்.

இப்போது அவன் முகம் வெளுத்திருந்தது. "மெக்கானிக் ராகமையில இருந்து வரணும் நானா. இதத் திறக்கத் தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தான்."

"ஒடைக்கச் செல்லு தம்பி."

"இத ஒடைச்சா என்னையும் ஒடைப்பாங்க."

ஒரு மணியானது. ஒன்றரையானது. மிஹ்லார் சாச்சாவை அழைத்தான்.

"வேன் பழுது சாச்சா. ராவைக்கு இஷாக்கு வைப்பமே."

"பொழுதுபட, மஃரிபு."

"இஷா, சாச்சா."

"மய்யித்த வச்சிக்கிட்டுப் பேரம் பேசாத. எந்த மைல் கட்டையடியில நிக்கிறாய், செல்லு. நம்மட பாயிஸ் மஹியங்கனையிலதான் கடை வச்சிரிக்கான். அவன்ட காரோட இப்பவே அனுப்புறன்."

கம்பிக்கு வெளியே மண்டபம் பரந்து கிடந்தது. மிஹ்லாருக்கு ஒரு கட்டையின் இலக்கம்கூட வாயில் வரவில்லை.

"நான் கொழும்புல சாச்சா."

"கொழும்புல என்ன?"

"தூண் பாக்க."

அந்தப் பக்கம் மய்யித்துக்கு யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். சாச்சா திட்டவில்லை, திட்டியிருக்கலாம். போன் கைமாறியது.

"மனே," என்றாள் அவன் தாய் சல்மா உம்மா. "எப்ப வருவாய்?"

"தெரியா உம்மா. இனி வெளிக்கிட்டாலும் பத்துப் பத்தரை ஆகும்."

உண்மையான நேரம் ஒன்றை அவன் யாருக்கும் சொல்லி எத்தனை காலமோ.

"வச்சிரிக்கச் செல்லட்டா? மொகம் பாக்க வேணாமா?"

நிதர்சன் திரும்பிக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

"வேணாம் உம்மா," என்றான் மிஹ்லார். "பிந்த வேணாம். அஸருக்கே கொண்டு போகட்டும்."

"குளிப்பாட்டிக் கபன்புடவை சுத்தியாச்சி. தூக்கக்குள்ள லேசா இரிந்தாராம்." உம்மா போனை வைக்கவில்லை. அவனே வைத்தான்.

"தம்பி, தண்ணி இரிக்கா?" என்றான்.

நிதர்சன் கொடுத்த அரைப் போத்தலில் தொழுகைக்காகக் கை, முகம் கழுவிச் சிக்கனமாக வுழூ செய்தான். கூண்டின் இடுக்கால் சொட்டிய நீர் கீழே பளிங்கில் விழுந்தது. ஒருவர் அண்ணாந்து பார்த்தார்.

"கடல் எந்தப் பக்கம்?"

நிதர்சன் கதவுப் பக்கம் கை காட்டினான். ஊரில் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் மக்காத் திசை, கிப்லா. இங்கே கடலைப் பார்த்து நிற்க வேண்டும். மிஹ்லார் செருப்பைக் கழற்றி, சரிபாதி சுற்றித் திரும்பினான். தூரத்தில் இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை; அதில் குனிவதில்லை, நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதும் இல்லை. நிற்க இடம் இருந்தால் போதும்.

தக்பீருக்குக் கை உயர்ந்தபோது முழங்கை கம்பியில் இடித்தது. கீழே இரண்டு பேர் பழைய லிப்டைப் படம் எடுக்கப் போனைத் தூக்கினார்கள். நிதர்சன் தொழுகிறவனுக்கு முன்னால் வராமல் பக்கவாட்டாக நகர்ந்து, அவர்கள் பக்கத்துக் கம்பியில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நின்றான்.