கூரையில்லாத மாதா கோயில்

பீமராவ் தேர்ந்தெடுத்த கடைசி இரண்டு ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களும் தோல்வியில் முடிந்திருந்தன. முதலில் போன அருவியில் தண்ணீர் இல்லை. அடுத்துப் போன பூங்கா பூட்டியிருந்தது. ஆகவே, ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டர் கிளம்பும் முன்பே அவர் மனைவி அனுசுயா நிபந்தனை விதித்துவிட்டாள்.

"இதுவும் சொதப்பிச்சுன்னா, இனிமே ஆயுசுக்கும் பக்கத்துல இருக்குற முக்கொம்பு அணைதான். மூச்சு விடக்கூடாது."

"இந்தத் தடவ பாரு, அசந்துபோயிடுவ."

பொன்மலை ரயில் பணிமனையில் உடன் வேலைபார்க்கும் நண்பர் ஒருவர் கைப்பேசியில் காட்டிய, ஏரிக்கரைக் கோயில் ஒன்றின் ஒரே ஒரு படம்தான் அவர் நம்பிக்கைக்கு ஆதாரம்.

அவர்கள் போய்ச் சேர்ந்த ஏரிக்கரையில் இரண்டு உடைந்த வாசல்தூண்கள் நின்றன. அனுசுயா அங்கேயே செருப்பைக் கழற்றிவிட்டு, வண்டியை நிறுத்திக்கொண்டிருந்த கணவருக்குக் காத்திராமல் உள்ளே நடந்தாள். பிறந்ததும் வாழ்வதும் ஸ்ரீரங்கம். கோயில் என்றால் மதிலுக்குள் மதில், வாசலுக்கு அப்பால் வாசல் என்பது அவள் கால்களுக்கே பழகியிருந்தது. கூரையற்ற செங்கல் கூடத்தை வெளிமண்டபம் என்று எண்ணிக் கடந்தாள். அதன் கோடியிலிருந்த மேட்டில் ஏறி இறங்கினாள். இடிந்த பின்சுவரின் வழியே வெளியேறினாள்.

"இன்னும் எத்தன வாசல் இருக்குங்க?" என்று திரும்பாமலே கேட்டாள்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "யம்மா, மாதா கோயில் உங்க முதுகுக்குப் பின்னால நிக்குது! இன்னும் ரெண்டு எட்டு வச்சீங்கன்னா மீனுக்குத்தான் கும்புடு போடணும்."

அனுசுயாவின் கணுக்கால்வரை சேறு ஏறியிருந்தது. ஓடிவந்த பீமராவின் மனத்தில் முக்கொம்பின் ஞாயிற்றுக்கிழமைகள் அனைத்தும் வரிசையாக வந்து நின்றன.

அவள் திரும்பிப் பார்த்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்ப நான் ஏறி இறங்கின மேடு?"

"பலிபீடமா இருக்கும்."

பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மாதா ஒண்ணும் சொல்லாது. என் ஆடு தெனமும் ஏறுது," என்றாள் வெள்ளையம்மாள்.

அனுசுயாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து ஓய்ந்தபின் நின்ற இடத்திலேயே நின்றாள். வளைவுச் சன்னல்களில் வானம் நிறைந்திருந்தது. சுவரின் உச்சியில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் ஆயிற்று. பீமராவால் பொறுக்க முடியவில்லை.

"போலாமா?"

"இருங்க. நம்ம ஊர்ல சந்நிதில நின்னா, கண்ணத் தொறக்குறதுக்குள்ள 'நகருங்க, நகருங்க'ன்னு தள்ளுவாங்க. இங்க அப்படிச் சொல்ல ஆளில்ல. நீங்க ஆரம்பிக்காதீங்க."

பீமராவ் வண்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நீர்க்காகம் பறந்து போனபின்தான் அவள் கரையேறினாள்.

"அடுத்த வாரம் எங்க?"

வழியெல்லாம் சமாதானங்களையே தயாரித்துவந்த அவரிடம் ஊர் ஒன்றும் தயாராக இல்லை. "மருங்காபுரிப் பக்கம்..." என்று இழுத்தார்.

"அங்க என்ன இருக்கு?"

"போய்ப் பாத்தாதான் தெரியும்."

"சரி," என்றாள் அனுசுயா.