மயில்துத்தம்

ஏரி பச்சையாகிப் போனதற்கு ஊரே சேர்ந்து வால்வைத் திட்டியது. குடிதண்ணீர் நிலையத்தில் வால்வு திறந்து மூடுகிறவனுக்கு ஊர் வைத்த பெயர் அது. அவனுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். ஊர்ச் சாக்கடையை ஏரியில் கொண்டுபோய் விட்டது அவனா? வயலுக்குப் போட்ட உரமெல்லாம் மழையோடு வழிந்து உள்ளே போனது அவன் செய்த வேலையா? அதையெல்லாம் யார் கேட்டார்கள்! ஏரி முழுக்கப் பாசி பெயின்ட் கொட்டியது போல மிதக்கிறது, குழாயைத் திறந்தால் நெடி மூக்கைத் துளைக்கிறது, வால்வு தெருவில் வருகிறான், நிறுத்திக் கேட்டுவிடு. ஊருக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

“ஏம்ப்பா, குடிக்கத் தண்ணி விடுறியா, சுவருக்கு அடிக்க விடுறியா?” என்று டீக்கடையில் கேட்டார்கள்.

திட்டு வாங்குவது அவனுக்குப் பழகிப்போன விஷயம். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவான். அவனை அரித்தது வேறு. அவனுடைய அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று முறை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்தால்தான் உயிர் நிற்கும். அந்த மெஷினுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு டிரம் சுத்தமான தண்ணீர் வேண்டும். பாசி வந்து ஆஸ்பத்திரியின் வடிகட்டியை அடைத்துவிட்டதால், வெளியூரிலிருந்து லாரியில் போர்த் தண்ணீர் வரவழைத்தார்கள். எல்லோருக்கும் அது போதவில்லை. மூன்று முறை என்பது இரண்டாயிற்று, அந்த இரண்டும் பாதி நேரத்தில் முடிந்தது. அக்காவுக்குக் கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

அம்மா செத்த பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டான். மிச்சம் இருப்பது ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள்; வீட்டில் இன்னும் பாப்பாதான். மூன்று பேருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு.

கடைசியில் நிலையத்து இன்ஜினியர் வழிக்கு வந்தார். பாசியைக் கொல்லும் நீல உப்பான மயில்துத்தம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது.

“ஒரேயடியா போட்டுடாத. இன்னிக்கு ஒரு ஓரம், அடுத்த வாரம் இன்னொரு ஓரம். நிதானமாப் போகலாம்” என்றார்.

நிதானமாம்! உட்கார்ந்தபடி தூங்குகிறவள் அவருடைய அக்காவா? வால்வு தலையை ஆட்டிவிட்டு வந்தான். துத்தத்தைக் கோணிப்பையில் கட்டிப் படகின் பின்னால் தண்ணீரில் தொங்கவிட்டு இழுத்துக்கொண்டு போவதுதான் அந்த வேலை. போகப் போகப் பை கரையும், படகுக்குப் பின்னால் நீலமாக ஒரு கோடு விழும். அவன் ஓரத்தோடு நிறுத்தவில்லை. பை கரையக் கரைய அடுத்ததைக் கட்டினான். இருட்டுவதற்குள் ஏரி முழுக்கச் சுற்றி, இருந்த மூட்டை அத்தனையும் தீர்த்துவிட்டுத்தான் கரை ஏறினான். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. மனசுக்கு மட்டும் அவ்வளவு நிம்மதி.

சில நாளில் பாசி வெளுத்து, செத்து, அடியில் போய்ப் படிந்தது. தண்ணீர் தெளிந்துவிட்டது. பச்சைத் தண்ணீருக்குப் பயந்து கேன் வாங்கிக் குடித்தவர்கள் எல்லாம் மறுபடி குழாய்க்கு வந்தார்கள். நேற்றுவரை காறித் துப்பிய ஊர் இன்று அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. டீக்கடைக்காரர் டீக்குக் காசு வேண்டாம் என்றார். இன்ஜினியர்கூட, சொன்னதைக் கேட்காதவனை முறைத்துப் பார்த்துவிட்டு, மேலதிகாரிக்குப் போன் போட்டுத் தானே தெளிய வைத்ததாகச் சொல்லிக்கொண்டார்.

வால்வு நேரே டயாலிசிஸ் டெக்னீஷியனைப் போனில் பிடித்தான்.

“லாரியை நிறுத்திட்டு எங்க தண்ணியை எடுங்க. கண்ணாடி மாதிரி இருக்கு.”

“லேப் ரிசல்ட் வந்துடட்டும்ணே. எங்க வடிகட்டியும் பழசு. புதுசு கேட்டிருக்கோம், இன்னும் வரல.”

“ரிசல்ட் வர்றதுக்குள்ள எங்க அக்கா இருக்கணுமே. அந்தத் தண்ணியை நானே குடிக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு? நான் சொல்றேன், என் பொறுப்பு.”

டெக்னீஷியனும் வார்டில் மூச்சு வாங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறவன்தான். சரி என்று சொல்லிவிட்டான்.

அக்காவுக்குப் பழையபடி வாரத்துக்கு மூன்று முறை, முழு நேரமும் டயாலிசிஸ் கிடைத்தது. வீக்கம் வடிந்தது. ஒரு ராத்திரி அவள் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினாள். வால்வு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். சந்தோஷத்தில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் வாந்தி ஆரம்பித்தது. தலை வலிக்கிறது, கண் மங்குகிறது என்றாள். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போல என்று மகள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்க லேப் அம்மா ஒருவழியாக நிலையத்துக்கு வந்தபோது வால்வு வாயெல்லாம் பல்லாக நின்றான். ஒரே நாளில் ஏரி முழுக்க அடித்த பெருமையை ஒன்று விடாமல் சொன்னான். அந்த அம்மா பாட்டிலைக் கீழே வைத்தார்.

“முழுசையும் ஒரே நாள்லயா?”

“ஏம்மா? பாசி செத்துடுச்சே.”

“செத்ததுதான் வினை. உயிரோட இருக்கிற வரைக்கும் பாசியோட விஷம் பெரும்பாலும் அதுக்குள்ளேயே இருக்கும். நம்ம மணல் வடிகட்டி பாசியோட சேர்த்து முக்கால்வாசியைப் பிடிச்சிடும். நீங்க மொத்தமா கொன்னதும் எல்லாம் வெடிச்சு, உள்ள இருந்தது தண்ணியில கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. காய்ச்சினாலும் போகாது.” அவர் கொஞ்சம் யோசித்தார். “ஆஸ்பத்திரிக்கு இந்தத் தண்ணி போகலையே? குடிச்சாலாவது குடல் கொஞ்சம் தடுக்கும். டயாலிசிஸ்ல நேரா ரத்தத்துல ஏறிடும்.”

அவர் சொல்லி முடிக்கும்போது வால்வு அங்கே இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான்.

வார்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. “நிறுத்துங்க, உடனே நிறுத்துங்க” என்று உள்ளே ஓடினான். டெக்னீஷியனுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா கையை அசைத்துத் தம்பியைத்தான் அதட்டினாள்.

“விடுடா. இப்பத்தான் முழு நேரம் குடுக்கிறாங்க. அதுலயும் மண்ணைப் போடாதே.”

மெஷினை நிறுத்தினார்கள். ஊருக்கும் தண்ணீரை நிறுத்தினார்கள். இரண்டுமே காலம் கடந்துபோன காரியம். அக்காவின் கண் மஞ்சளாகிவிட்டிருந்தது. ஈரல் கெட்டுவிட்டது, இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே வார்டில் இன்னும் சிலருக்கும் அதே கதி.

மகள் மருந்து வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, வால்வு அக்காவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். துத்தம் போட்டதையும் சொன்னான், லாரியை நிறுத்தச் சொன்னதையும் சொன்னான். அக்கா அவன் பக்கம் தலையைத் திருப்பினாள்.

“தெரிஞ்சா பண்ணினே?”

“இல்லக்கா.”

“அப்ப வாயை மூடிக்க. எவன்கிட்டயும் சொல்லாத. பாப்பாகிட்ட சொல்லவே சொல்லாத.”

“மறைக்கச் சொல்றியாக்கா?”

“நான் போயிட்டா அவளுக்கு உன்னை விட்டா யாருடா இருக்கா? உன்னை வெறுத்துட்டு அவ எந்த வீட்டு வாசல்ல போய் நிப்பா? என் மேல சத்தியம் பண்ணு.”

அவன் அழுதுகொண்டே சத்தியம் செய்தான். அக்கா அந்த வாரம் தாண்டவில்லை.

உறவுக்காரர்கள் வந்து, அழுது, கிளம்பிப் போனார்கள். வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். மறுநாள் சாயங்காலம் பாப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு முகம் சிவந்து திரும்பி வந்தாள்.

“மாமா, லாரியை நிறுத்தினது அந்த டெக்னீஷியன்தான். யாரைக் கேட்டு நிறுத்தினேன்னு கேட்டேன். என்ன சொல்றான் தெரியுமா? நீங்கதான் போன் பண்ணி நிறுத்தச் சொன்னீங்களாம். உங்க பொறுப்புன்னு சொன்னீங்களாம்.”

வால்வு வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“செஞ்சதையும் செஞ்சுட்டு உங்க தலையில கட்டுறான் மாமா. அம்மாவுக்காக ராப்பகலா அலைஞ்ச உங்க மேல பழி போட அவனுக்கு எப்படி வாய் வந்துச்சு?” அவளுக்குக் குரல் உடைந்தது. “அவனை நான் சும்மா விடப் போறதில்ல. நாளைக்குப் போலீஸ்ல புகார் குடுக்கப் போறேன். நீங்க வந்து, நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வருவீங்கல்ல?”

அந்த டெக்னீஷியனுக்கும் ஒரு வீடு இருக்கும். அவனை நம்பியும் யாராவது இருப்பார்கள். வால்வுக்கு அது தெரியாமல் இல்லை. பாப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வரேன் பாப்பா” என்றான்.

அம்மா போனதிலிருந்து பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படாமல் இருந்தவள், அதற்குப் பிறகுதான் ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.