ஆங்கிலம் தெரியாத டீச்சர்

தெரியாததைத் தெரிந்ததுபோலக் காட்டிக் காலந்தள்ளுகிறவர்கள் கொழும்பில் ஏராளம். நன்றாகத் தெரிந்ததைத் தெரியாததுபோல நடித்துச் சம்பளம் வாங்குகிறவள் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று பேர்ணடெற் அடிக்கடி நினைத்துக்கொள்வாள்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் எவ்லின் மிஸ் நடத்தும் மொண்டிசோரியில் அதுதான் சட்டம். வகுப்புக்கு இரண்டு டீச்சர். அர்பா டீச்சர் பிள்ளைகளோடு ஆங்கிலம் மட்டும் பேசுவாள். பேர்ணடெற் தமிழ் மட்டும். பிள்ளைகளின் காது எட்டும் தூரத்தில் டீச்சர்மார் இருவரும் மற்ற மொழி தெரியவே தெரியாததுபோல நடக்கவேண்டும். டீச்சருக்கு இரண்டும் தெரியும் என்று ஒரு தரம் கண்டுகொண்டால் போதும், பிள்ளை தனக்கு வசதியான மொழியை விட்டு இறங்கி வராது. "டீச்சர், வோட்டர்" என்று வந்து நிற்கும் பிள்ளையைப் பேர்ணடெற் பேந்தப் பேந்த விழித்துப் பார்ப்பாள். "என்ன வேணும் மகன்?" பிள்ளை மண்டையைச் சொறிந்து, கடைசியில் "தண்ணி" என்று கொண்டுவரும்.

கொட்டாஞ்சேனையில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் அவள். ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பூசையில் வாசகம் வாசிக்கிறவள். போன சனிக்கிழமை மார்க்கெட்டில் வெள்ளைக்காரர் ஒருவர் வழி கேட்க, பதில் சொல்ல வாயெடுத்தவள், பக்கத்தில் வகுப்புப் பிள்ளையொன்று நிற்பதைக் கண்டு அப்படியே மூடிக்கொண்டாள். பைத்தியக்காரிபோலக் கையால் திசை காட்டினாள். வீட்டில் சொன்னபோது கணவன் கிளைவ் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதையெல்லாம் பொறுக்கலாம். அக்ஷித்தின் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

அக்ஷித்துக்கு மூன்றரை வயது. ஜனவரியில் சேர்ந்தவன், ஓகஸ்ட் வந்தும் அவளிடம் ஒரு சொல் தமிழ் பேசியதில்லை. விளங்காமல் இல்லை. "மூணு நீல முத்து கொண்டு வாங்க மகன்" என்றால் சரியாக மூன்று, சரியாக நீலம். அர்பாவோடு ஆங்கிலத்தில் வாய் ஓயாமல் அளப்பவன், இவளிடம் விரலைக் காட்டுவான், தலையை ஆட்டுவான், அவ்வளவுதான்.

காரணம் என்னவென்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் யாருக்கும் தெரியும். தகப்பன் பிரசாந்தும் தாய் சாருஜாவும் தங்களுக்குள் அச்சொட்டான யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார்கள். பிள்ளையின் பக்கம் திரும்பியதும் ஆங்கிலம். அதுவும் என்ன ஆங்கிலம்! "டோன்ட் ஓடாதை! கம், வந்து ஸிட் பண்ணு!" தமிழ் என்பது பெரிய ஆட்கள் தன் தலைக்கு மேலால் கதைத்துக்கொள்கிற சங்கதி என்று பிள்ளை முடிவுகட்டிவிட்டது. பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்?

எவ்லின் மிஸ் சட்டத்தை விளக்கிய பெற்றார் கூட்டத்துக்குச் சாருஜா வரவில்லை. பிரசாந்த் வந்தான், போனைத் தடவிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வீட்டில் போய் என்ன சொன்னானோ, தமிழ் டீச்சருக்கு ஆங்கிலமே தெரியாது என்று சாருஜா நம்பிவிட்டாள். நம்பியதோடு நிற்காமல் கெடுவும் வைத்தாள். இரண்டு மொழி பிள்ளையைக் குழப்புகிறது; இந்தத் தவணை முடிவதற்குள் அவன் தமிழ் பேசாவிட்டால், ஆங்கிலம் மட்டும் பேசுகிற தெஹிவளை மொண்டிசோரிக்கு மாற்றிவிடுவாளாம்.

பேர்ணடெற்றுக்கு நித்திரை கெட்டது. அவன் தமிழை நுனிநாக்கில் வைத்துக்கொண்டு நிற்கிறான், இன்னும் கொஞ்சம் விட்டால் வந்துவிடும். இப்போது பிடுங்கிக்கொண்டு போனால், தாயும் தகப்பனும் பேசுவதை வாழ்நாள் முழுக்க வெளியே நின்று கேட்கிற பிள்ளையாகிவிடுவான். இதை அந்த மனுஷிக்கு யார் சொல்வது?

தவணையின் கடைசி வெள்ளிக்கிழமை, பள்ளி விடுவதற்கு முன்னமே சாருஜா வந்துவிட்டாள். அக்ஷித் சின்ன மேசையருகே நின்று, ஒரு சாடியிலிருந்து மற்றச் சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். சாருஜா எவ்லின் மிஸ்ஸைக் கூப்பிட்டு, பேர்ணடெற்றின் முகத்துக்கு முன்னாலேயே, விறுவிறென்று தன் ஆங்கிலத்தில் தொடங்கினாள்.

"குறை நினைக்காதீர்கள், மிஸ். இவருக்கு ஒன்றும் தெரியாது. கூட்டித் துடைக்கத்தான் இவர் சரி. இவரிடம் விட்டுத்தான் என் பிள்ளை தமிழில் ஊமையாகிப் போனான்."

பேர்ணடெற்றுக்கு உச்சி கொதித்தது. பதில், ஆங்கிலத்தில், பிசிறில்லாமல் தொண்டைவரை வந்து நின்றது. ஒரே ஒரு வசனம் போதும், சாருஜா முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள் என்று பார்க்கலாம். ஆனால் பிள்ளை நிற்கிறதே! எவ்லின் மிஸ் கண்ணாலேயே கெஞ்சினாள். அர்பா அலுமாரிப் பக்கம் திரும்பி நின்று, அடுக்கிய தட்டுகளையே மறுபடி அடுக்கினாள். பேர்ணடெற் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது அவள் மணிக்கட்டில் ஈரக் கையொன்று வந்து படிந்தது. பெரியவர்கள் பேசும்போது அங்கே பிள்ளைகள் குறுக்கே கத்துவதில்லை. சொல்ல ஏதும் இருந்தால் கையை வைத்துவிட்டு, அவர்கள் திரும்பும்வரை காத்து நிற்கவேண்டும். அக்ஷித் சிந்தின தண்ணீரைத் துடைத்துவிட்டு வந்து, பழக்கியபடியே நின்றான். அவள் குனிந்தாள்.

"டீச்சர், அம்மா சொல்றா, உங்களுக்கு ஒண்டும் தெரியாதாம். நீங்கள் கூட்டித் துடைக்கத்தான் சரியாம்."

ஒரு சொல் தடக்கவில்லை. அவ்வளவு மாதமும் தவங்கிடந்து கேட்ட முதல் வசனம் இதுவாகவா இருக்கவேண்டும் என்று பேர்ணடெற்றுக்கு எரிச்சல் வந்தது. கூடவே அவனைத் தூக்கிக் கொஞ்சவேண்டும்போலவும் இருந்தது.

அவன் தாயிடம் திரும்பினான். "அம்மா, டீச்சருக்கு இங்கிலீஷ் விளங்காது, பாவம். தமிழிலை சொல்லுங்கோ."

சாருஜாவின் முகம் கன்றிச் சிவந்தது. "அக்ஷித், ஸ்டொப் இட்" என்று அதட்டிப் பார்த்தாள். அவன் அசையவில்லை. இப்போது தாயின் மணிக்கட்டில் கையை வைத்து, அவள் சொல்லும்வரை காத்து நின்றான். வேறு வழியில்லாமல் மற்றவர்களும் காத்து நின்றார்கள்.

"பிள்ளை..." என்ற சாருஜா பேர்ணடெற்றின் பக்கம் திரும்பினாள். "பிள்ளை என்னோடை ஒருநாளும் இப்பிடித் தமிழிலை கதைச்சதில்லை, டீச்சர். நான் சொன்னது பிழை."

அக்ஷித் பேர்ணடெற்றை நிமிர்ந்து பார்த்தான்.

"இப்ப விளங்குதோ, டீச்சர்?"

"விளங்குது மகன்" என்றாள் பேர்ணடெற். "நல்லா விளங்குது."