பொய் கலக்காத சாட்சி

கங்காணி செல்லசாமி தோட்டத்து லயத்தில் என் வீட்டு வாசலில் தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தங்கச்சி, என்னோட இலங்கைப் பிரஜாவுரிமை விசாரணைக்கு ஒன்னையும் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க. நான் ஊருக்குப் போய் ஆறு மாசத்துல திரும்பிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. ஒரு வருஷத்துக்கு மேலன்னா மனுவைத் தள்ளிடுவாங்க. லயத்துல எல்லாரும் சொல்றேன்னுட்டாங்க."

தங்கச்சியாம்! அதுவரைக்கும் அவன் வாயில் எனக்குப் பெயரே "ஏய்" தான்.

"பாப்போங்க கங்காணி" என்றேன்.

என் மகள் அருளாயிக்கு அப்போது இரண்டு வயது. என் புருஷன் காய்ச்சலில் போன பிறகு எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டு வரும் பிள்ளைக் காம்பராவில் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டதென்று ஆயா ஆள் அனுப்பினாள். கொழுந்துக் கூடையைத் தேயிலை மலையிலேயே போட்டுவிட்டு ஓடப் பார்த்தேன். செல்லசாமி குறுக்கே நின்றான். "கொழுந்த நெறுத்துட்டுப் போ. பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிடாது." கொழுந்தை நிறுத்து முடித்து நான் போய்ச் சேர்ந்தபோது, அவன் பெண்சாதி ராசம்மா என் பிள்ளையை மடியில் கிடத்திக் கண்ணை மூடிவிட்டிருந்தாள். பதினோரு வருஷமாகிறது. ஜெபமாலை உருட்டும்போதுகூட அவன் நாசமாய்ப் போகவேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறேன்.

அவன் இந்தியாவுக்குப் போனது என் கல்யாணத்துக்கு மறுவாரம். திரும்பி வந்தது அருளாயிக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று. இரண்டு தேதியும் கோயில் புத்தகத்தில் இருக்கின்றன. நடுவில் பதினாலு மாதம்.

ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

"பழி வாங்கணும்னு நெனப்பு வருதுங்க சாமி."

"நெனப்பு வர்றது சோதனைம்மா, பாவமில்ல. அதுக்கு எடம் குடுத்து உள்ள உக்கார வச்சாத்தான் பாவம்."

"உண்மையச் சொன்னா பாவமாங்க?"

"உண்மை சொல்றது எப்படிம்மா பாவமாகும்?"

யாரைக் கெடுக்க என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேண்டிய பதிலை வாங்கிக்கொண்டு, பூசை முடிந்ததும் அந்த இரண்டு தேதிகளையும் துண்டுச் சீட்டுகளில் எழுதித் தரச் சொன்னேன். "செத்த பிள்ளைக்குத் துண்டு எதுக்கும்மா?" என்றார். "ஞாபகத்துக்குங்க" என்றேன். கோயிலுக்குள் நின்றுகொண்டே பொய் சொன்னேன்.

விசாரணை தோட்டத்து ஆபீசில் நடந்தது. எனக்கு முன்னால் நான்கு பேர் "ஆறு மாசங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் துண்டுகளை மேசைமேல் வைத்தேன். "பதினாலு மாசங்க" என்றேன். மொழிபெயர்ப்பவர் சிங்களத்தில் சொல்ல, விசாரணை அதிகாரி எழுதிக்கொண்டார். வெளியே வந்தபோது ராசம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனு தள்ளுபடியானால் அவளும் பிள்ளைகளும் அவனோடு சேர்ந்து இந்தியாவுக்குப் போகவேண்டியவர்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன்.

மனு தள்ளுபடியாயிற்று. மறுவருஷம் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். அவன் போவதைக் கண்ணாரப் பார்க்க நானுஓயா ஸ்டேஷனுக்குப் போனேன். அழுவான் என்று நினைத்தேன். அவன் நேரே என்னிடம் வந்தான்.

"நீ சொன்னது உண்மதான். அதுக்கு ஒன்மேல கோவமில்ல. அன்னைக்கி ஒன்ன விட்டிருக்கணும். தோட்டத் தொரை கொழுந்து நிறுக்கிற எடத்துல நின்னாரு, பயந்துட்டேன். அருளாயிய நெனச்சு என்னை மன்னிச்சிடு, தாயி."

என் பிள்ளையின் பெயர் அவனுக்குத் தெரிந்திருந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் நிம்மதியாகப் போய்விடுவான். ஆகையால் சொல்லவில்லை.

"ரயில் வந்துருச்சு, போய் ஏறுங்க" என்றேன். ராசம்மா கடைசிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். அவன் ஜன்னலில் தலையை வைத்து என்னையே பார்த்துக்கொண்டு போனான்.

பாஸ்கு காலத்துப் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சாமியாரிடம் சொன்னேன். துண்டு வாங்கின பொய்யையும் மறைக்கவில்லை.

"வருத்தப்படுறியாம்மா?"

"ராசம்மாவ நெனச்சா வருத்தமா இருக்குதுங்க. அந்தப் பிள்ளைங்கள நெனச்சாலும்தான்."

"செல்லசாமிய?"

ஜெபமாலையை மடித்து முந்தானையில் முடிந்தேன்.

"அவன் எங்கயோ இருக்கான். மன்னிச்சேன்னு இங்கயாவது சொல்லு. ஆண்டவர் கேப்பாரு."

"அவரு கேப்பாருன்னுதாங்க சாமி சொல்லமாட்டேங்கிறேன்."

"அப்படின்னா ஒனக்கு நான் பாவமன்னிப்புக் குடுக்க முடியாதும்மா" என்றார். அவர் குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது.

"தெரியுங்க" என்று சொல்லி எழுந்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து முழங்காலிட்டாள்.