நாற்பத்தோராம் பக்கத்து மாறிலி

பீசா நகரத்துக் கணிதக்காரர்கள் எழுதுவதில் சரியான சோம்பேறிகள். ஒரு நிரூபணத்தில் இருபது மாறிலிகள் வந்தாலும் எல்லாவற்றுக்கும் 'சி' என்றே பெயர் வைப்பார்கள். வரிக்கு வரி மதிப்பு மாறும், எழுத்து மாறாது. அந்த வழக்கம்தான் அவர்களில் ஒருத்தியான எர்சிலியாவின் காலை வாரியது.

கம்பிச் சட்டத்தில் சோப்புப் படலம் நிற்கிறதே, அதுபோன்ற நிலைகளைச் சொல்லும் ஒருவகை நேரியல் அல்லாத சமன்பாடு. அதன் தீர்வு எல்லா இடத்திலும் வழுவழுப்பாக இருக்குமா, ஏதாவது ஒரு புள்ளியில் முறியுமா? முறியவே முறியாது என்று நிரூபிக்க அவளுக்கு ஏழு வருஷம் பிடித்தது. எழுதும் ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் படிப்பவன் அவள் கணவன் ஃபுல்வியோ. அவனும் அதே துறைதான். அவன் சரி என்றால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

அந்த நிரூபணத்தை அவள் விளக்கிய புதன்கிழமைக் கருத்தரங்கில், கையில் அதன் பிரதியோடு பின்வரிசையில் இருந்த ஒருவர், நாற்பத்தோராம் பக்கத்து 'சி', புள்ளியைச் சுற்றி வரையும் வட்டத்தின் ஆரத்தைப் பொறுத்ததா என்று சாதாரணமாகக் கேட்டார். எர்சிலியா பலகையைப் பார்த்தாள். பொறுத்ததுதான். ஆரம் சுருங்கச் சுருங்க அது வீங்கிக்கொண்டே போகும். அதன்மேல் கட்டியது எதுவும் நிற்காது. பழக்கத்தில் கணவனைத் தேடினாள். எல்லோரும் பலகையைப் பார்க்க, அவன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆர்னோ ஆற்றங்கரையில் அவனோடு நடக்கும்போது கேட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ பத்திரிகைக்கு அனுப்பின அன்னிக்கு. அனுப்பறதுக்கு முன்னாடியே."

அன்றைக்குத்தான் அவன் கடலைமாவு அடை சுட்டு, வைன் ஊற்றிக் கொடுத்து அவளை வாழ்த்தினான்.

"நீ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல, எர்சி. சொல்ல வாய் வரல. அந்த வரிய யாரும் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"நிரூபணம் போனா போகட்டும். தப்புன்னா தப்புன்னு சொல்ல எனக்கு நீ ஒருத்தன்தான இருந்த."

போகிறவர் வருகிறவர் பார்க்க, ஆற்றங்கரையிலேயே நின்று அவள் அழுதாள்.

வசந்தத்தில் சின்ன முடிவு ஒன்றையாவது மீட்டாள்: தீர்வு முறியலாம், ஆனால் மிகச் சில புள்ளிகளில்தான். மொத்தம் எட்டுப் பக்கம். ஃபுல்வியோ இரண்டு நாள் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தான்.

"சரியாத்தான் இருக்கு" என்றான். உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது.

அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கங்களை உறையில் போட்டு, ஜூரிக்கில் முன்பின் தெரியாத ஒரு பேராசிரியரின் முகவரியை எழுதினாள். தவறு இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள் என்று ஒரு சீட்டும் வைத்தாள்.