செம்மறி விடுதியின் உத்தரம்

முப்பது வருடமாகச் செம்மறி விடுதியின் வாசலில் உரசாமல் நுழைந்த, யார்க் நகரத்துக்கு ஆளேற்றும் குதிரை வண்டி, அந்த மார்ச் மாதத்தில் உரச ஆரம்பித்தது. வண்டிக் கூரையைச் சுற்றியிருந்த இரும்புக் கம்பி, வாசலுக்கு மேலே கிடந்த ஓக் உத்தரத்தில் இடித்தது.

நான் அந்த ஊர்ச் சக்கரத் தச்சன். உத்தரம் இறங்கிவிட்டதா என்று நூல் பிடித்துப் பார்த்தேன், இல்லை. பாவுகல் உயர்ந்திருக்கிறதா என்று பெயர்த்துப் பார்த்தேன், அதுவும் இல்லை. உத்தரத்தைச் செதுக்கவும் முடியாது, மாடி முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

"இன்னொரு தடவை இடிச்சா எதிர்த்த விடுதிக்குப் போயிடுவேம்மா," என்றான் வண்டிக்காரன் ஜேபஸ். "கம்பி வளைஞ்சா முதலாளி என் முதுகை வளைச்சிடுவாரு."

"போயேன். அவங்க சூப்புல கறியத் தேடி முடிக்கறதுக்குள்ள குதிரைக்கு வயசாயிடும்," என்றாள் விடுதிக்காரி ஹன்னா.

சொல்லிவிட்டாளே தவிர, முகம் வெளுத்துப்போனது. பிப்ரவரியில் ரயில் வந்தது. விடுதிக்கு வந்த மற்ற ஆறு வண்டிகளும் நின்றுவிட்டன. இதுவும் போனால் பூட்ட வேண்டியதுதான். அவள் பிறந்ததும், இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்ததும் அந்த மாடியில்தான்.

மறுநாள் தெருவிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி, கம்பியின் உயரத்தைக் கோலால் அளந்தேன். அளந்துகொண்டிருக்கும்போதே ஒரு கிழவி கோழிக்கூடையோடு இறங்கினாள். கம்பி மயிரிழை மேலே போனது.

"ஜேபஸ், போன வருஷம் எத்தனை பேர் வருவாங்க?"

"உள்ளே நாலு, கூரை மேலே பன்னெண்டு. இப்போ இந்தம்மாவும் கோழியும்தான். கோழி டிக்கெட் வாங்கல."

வண்டிக்கூடு இரும்பு விற்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பதினாறு பேர் ஏறினால் வில் நாலு விரல் அமுங்கும். மேலே இருப்பவர்கள் கம்பிக்குக் கீழே தலை வரும்படி கவிழ்ந்துகொண்டு வாசலைக் கடப்பார்கள். ஆளில்லாவிட்டால் வில் நிமிர்ந்துகொள்ளும். அந்த விற்களைப் பூட்டியவன் நான்; எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும்.

ஹன்னாவிடம் சொன்னேன்.

"வாசல்ல ஒரு குறையும் இல்லியா, ஏமஸ்?"

"இல்லம்மா."

"ஆளில்லாததுதான் இடிக்குதா?"

"ஆமாம்மா."

 ஹன்னா மேலே கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்துவிட்டு, அடுப்படியிலும் லாயத்திலும் வேலையில்லாமல் இருந்தவர்களைக் கூப்பிட்டாள்.

இப்போது தினமும் வண்டி தெருவில் நிற்கிறது. விடுதி ஆட்கள் பத்துப் பேரும் அவளும் நானும் ஏறுகிறோம்: நாலு பேர் உள்ளே, எட்டுப் பேர் மேலே தலை கவிழ்ந்து. வில் மூன்று விரல் அமுங்குகிறது. உத்தரத்துக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி கிடைக்கிறது. வண்டி உரசாமல் உள்ளே போகிறது.